கதவைத் திறந்துவிட்ட 52 பேர்: ஜெர்மன் தேசிய மக்கள் கட்சியின் வரலாறு

1933 மார்ச் 5 அன்று ஜெர்மனியில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. ஹிட்லர் அரசின் தலைமைப் பதவியான சான்சலர் பதவியில் அமர்ந்து ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. கம்யூனிஸ்ட் கட்சியினர் ஆயிரக்கணக்கில் சிறையில் அடைக்கப்பட்டிருந்தனர். எதிர்க்கட்சி நாளேடுகள் முடக்கப்பட்டிருந்தன. நாஜிக் கட்சியின் அடியாட்படை, துணைக் காவலர் என்ற பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு வீதிகளில் வலம்வந்தது. இவ்வளவுக்குப் பின்னும் நாஜிக் கட்சிக்குக் கிடைத்த வாக்குகள் 43.9 விழுக்காடுதான். மொத்த இடங்கள் 647. நாஜிகள் வென்றவை 288. பெரும்பான்மைக்குத் தேவையானவை 324. குறைந்த இடங்களை நிரப்பிக்கொடுத்தது 52 உறுப்பினர்களைக் கொண்ட ஒரு கூட்டாளிக் கட்சி.

அந்த 52 பேர் சார்ந்திருந்த மரபு தெருச் சண்டைகளில் உருவானதன்று. பெருநிலக்கிழார்கள், ஓய்வுபெற்ற படைத் தளபதிகள், நீதிபதிகள், பேராசிரியர்கள், பாதிரியார்கள், ஆலை முதலாளிகள் எனச் சமூகத்தில் பெரிய மனிதர்களாக மதிக்கப்பட்டோரின் கட்சி அது. பாசிசத்தைப் பற்றிப் படிக்கும்போது ஹிட்லரின் மேடைப் பேச்சைப் பற்றியும் பழுப்புச் சட்டைப் படையைப் பற்றியும் நாம் நிறையப் படிக்கிறோம். அவருக்கு அரசின் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டவர்களைப் பற்றி அரிதாகவே படிக்கிறோம். ஜெர்மன் தேசிய மக்கள் கட்சி என்னும் அக்கட்சி பதினான்கரை ஆண்டுகளே வாழ்ந்தது. அந்தக் குறுகிய வரலாற்றை இக்கட்டுரையில் தொகுத்துக் காண்போம்.

அவர்கள் இழந்தது எது?

இக்கட்சியைப் புரிந்துகொள்ள, 1918க்கு முந்தைய பிரஷ்யாவிலிருந்து தொடங்க வேண்டும். ஜெர்மன் பேரரசின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிரஷ்யாவுக்கு உரியது. அங்கு மாநிலச் சட்டமன்றத் தேர்தல் மூவகுப்பு வாக்குரிமை முறையில் நடந்தது. செலுத்தும் வரியின் அளவைக் கொண்டு ஆண் வாக்காளர்கள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். 1908இல் முதல் வகுப்பில் இருந்தவர்கள் வாக்காளர்களில் 4 விழுக்காட்டினர். இரண்டாம் வகுப்பில் 14 விழுக்காட்டினர். மூன்றாம் வகுப்பில் 82 விழுக்காட்டினர். மூன்று வகுப்புகளுக்கும் சமமான எடை. அதாவது 4 பேரின் குரலும் 82 பேரின் குரலும் ஒன்றெனக் கொள்ளப்பட்டன. வாக்களிப்பும் இரகசியமாக நடைபெறவில்லை. பண்ணையாரின் கண்காணிப்பாளர் நிற்கும் இடத்தில், வாய் திறந்து பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும். 1913 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி 28 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் பெற்றும் 10 இடங்களையே வென்றது. ஏறத்தாழ 15 விழுக்காடு பெற்ற பழமைவாதிகள் 150 இடங்களை நெருங்கினர்.

எல்பே நதிக்குக் கிழக்கே யுங்கர்கள் எனப்பட்ட பெருநிலக்கிழார்களின் ஆட்சி நிலவியது. பல்லாயிரம் பண்ணைகள் தனித்தனி நிர்வாக வட்டங்களாக இருந்தன. அவ்வட்டத்தில் உள்ளாட்சி அதிகாரம் பண்ணை உரிமையாளரின் கையில் இருந்தது. ஊர்த் தேவாலயத்திற்குப் பாதிரியாரை அமர்த்துவதிலும் அவருக்கு உரிமை இருந்தது. பண்ணையாட்களின் கூலியில் பெரும்பகுதி தானியமாகவும் குடியிருப்பாகவும் தரப்பட்டது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். 1810ஆம் ஆண்டின் பணியாட்கள் சட்டத்தின்படி, எசமானரை விட்டு ஓடிய பணியாளரைக் காவலர் பிடித்து மீண்டும் அவரிடமே ஒப்படைக்கலாம். 1854ஆம் ஆண்டின் சட்டம் பண்ணையாட்கள் கூடி வேலைநிறுத்தம் செய்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

1918 நவம்பர் 9 அன்று பேரரசர் இரண்டாம் வில்லியமின் ஆட்சி வீழ்ந்தது. மூன்றே நாட்களில், நவம்பர் 12 அன்று, மக்கள் பிரதிநிதிகள் குழு ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. பணியாட்கள் சட்டங்கள் நீக்கப்பட்டன. பண்ணையாட்களுக்கு எதிரான தனிச் சட்டங்களும் நீக்கப்பட்டன. 20 வயது நிறைந்த ஆண், பெண் அனைவருக்கும் சமமான, நேரடியான, இரகசிய வாக்குரிமை வழங்கப்பட்டது. பண்ணையாரின் வாக்கும், அவருடைய மாட்டுத் தொழுவத்தைக் கூட்டிய பெண்ணின் வாக்கும் அன்று முதல் ஒரே எடை உடையவை ஆயின.

இதற்குப் பன்னிரண்டு நாட்கள் கழித்து, நவம்பர் 24 அன்று, ஜெர்மன் தேசிய மக்கள் கட்சி பிறந்தது. இந்தத் தேதி வரிசையை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கட்சியின் பிற்கால முடிவுகள் பலவற்றுக்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது.

பெயரில் வந்த 'மக்கள்'

பழைய பழமைவாதக் கட்சிகள் இரண்டும், கிறித்துவ சமூகக் குழுவினரும், இனத்தூய்மை பேசியவர்களும், பேரரசு விரிவாக்கம் பேசியவர்களும் ஒன்றுகூடி அமைத்த கட்சி இது. அதுவரை தம்மைப் பழமைவாதிகள் என்றே அழைத்துக்கொண்டவர்கள், எல்லோருக்கும் வாக்கு வந்தபின் 'மக்கள்' என்ற சொல்லைக் கட்சியின் பெயரில் சேர்த்துக்கொண்டனர். பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று முன்னர் வாதாடியவர்கள், இப்போது தேவாலயங்கள் வழியே பெண் வாக்காளர்களைத் திரட்டினர். அதில் நல்ல பயனும் கண்டனர். முதல் தலைவராக ஆஸ்கர் ஹெர்க்ட் பொறுப்பேற்றார். 1919 ஜனவரித் தேர்தலில் கட்சி 10.3 விழுக்காடு வாக்குகளையும் 44 இடங்களையும் பெற்றது. அடுத்த ஆண்டு அது 15.1 விழுக்காடாகவும் 71 இடங்களாகவும் உயர்ந்தது.

தோற்ற போருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இக்கட்சியின் முதல் மூலதனம் ஆயிற்று. உடனடியாகப் போர் நிறுத்தம் வேண்டும் என்று 1918 செப்டம்பர் 29 அன்று வற்புறுத்தியவர்கள் படைத் தலைமையில் இருந்த ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும் ஆவர். ஆனால் 1919 நவம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் நின்ற ஹிண்டன்பர்க், படை முதுகில் குத்தப்பட்டது என்ற கூற்றை முன்வைத்தார். போரை நடத்தியவர்கள் தப்பினர். போரை முடித்துவைத்த ஜனநாயகவாதிகள் துரோகிகள் ஆயினர். இந்தப் பொய்யை ஊர்தோறும் கொண்டுசென்றது ஜெர்மன் தேசிய மக்கள் கட்சி.

துரோகி என்ற சொல்லுக்கு ஒரு முகமும் தேவைப்பட்டது. ஜெர்மன் மக்கள்தொகையில் யூதர்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 1,00,000 யூதர்கள் ஜெர்மன் படையில் பணியாற்றினர். சுமார் 12,000 பேர் உயிர் துறந்தனர். யூதர்கள் போர்முனைக்குச் செல்லாமல் நழுவுகிறார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1916இல் படைத் தலைமை ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதன் முடிவைப் போர்க்காலம் முழுவதும் வெளியிடவே இல்லை. ஐயத்தை எழுப்பிவிட்டு, விடையை மூடி வைத்தார்கள். அந்த ஐயத்தைத்தான் கட்சி அறுவடை செய்தது. 1920ஆம் ஆண்டின் கட்சிக் கொள்கை அறிக்கை, அரசிலும் பொதுவாழ்விலும் யூதர்களின் ஆதிக்கத்தை எதிர்ப்பதாக வெளிப்படையாகவே அறிவித்தது. நூற்றில் ஒருவராகக்கூட இல்லாத ஒரு சமூகத்தின் மீது 'ஆதிக்கம்' என்ற சொல்லைச் சுமத்தியவர்கள், நூற்றுக்கு நால்வராக இருந்து மூன்றில் ஒரு பங்கு அதிகாரத்தைத் துய்த்தவர்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மேடையில் சொல், தெருவில் துப்பாக்கி

1920 மார்ச் 13 அன்று வோல்ஃப்காங் கப் என்பவர் படைப்பிரிவு ஒன்றின் துணையுடன் பெர்லினைக் கைப்பற்றினார். அவர் இக்கட்சியின் தலைமைக் குழுவில் இருந்தவர். கட்சி அந்தக் கவிழ்ப்பு முயற்சியைத் தெளிவாக ஆதரிக்கவும் இல்லை. தெளிவாகக் கண்டிக்கவும் இல்லை. தொழிலாளர்களின் பொது வேலைநிறுத்தம் நாட்டையே நிறுத்தியது. மின்சாரமும் இரயிலும் நின்றன. சில நாட்களிலேயே கப் தப்பியோடினார்.

மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் கத்தோலிக்க மையக் கட்சியின் தலைவர்களில் ஒருவர். 1918 நவம்பர் 11 அன்று போர் நிறுத்த உடன்பாட்டில் ஜெர்மனியின் சார்பில் கையெழுத்திட்டவர். பின்னர் நிதியமைச்சராகி, செல்வர்கள் மீது கூடுதல் வரி விதித்தவர். ஜெர்மன் தேசிய மக்கள் கட்சியின் கூர்மையான பேச்சாளரான கார்ல் ஹெல்ஃபெரிக், எர்ஸ்பெர்கரை ஒழிக்க வேண்டும் என்ற முழக்கத்தோடு தொடர் பரப்புரை செய்தார். அவதூறு வழக்கில் நீதிமன்றம் ஹெல்ஃபெரிக்குக்குச் சிறு அபராதம் மட்டுமே விதித்தது. பதவி இழந்தவர் எர்ஸ்பெர்கர். 1921 ஆகஸ்ட் 26 அன்று கருங்காட்டுப் பகுதியில் நடந்துகொண்டிருந்த அவரைத் தேசியவாதிகள் இருவர் சுட்டுக் கொன்றனர்.

அடுத்த ஆண்டு அதே நாடகம் மீண்டும் நடந்தது. 1922 ஜூன் 23 அன்று நாடாளுமன்றத்தில் ஹெல்ஃபெரிக் அரசின் வெளியுறவுக் கொள்கையைக் கடுமையாகத் தாக்கினார். வெளியுறவு அமைச்சர் வால்டர் ராத்தனாவ் ஒரு யூதர். மறுநாள் காலை, திறந்த காரில் அலுவலகம் சென்றுகொண்டிருந்த அவர் பெர்லினில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு மறுநாள் சான்சலர் யோசஃப் விர்த், நாடாளுமன்றத்தின் வலதுபக்க இருக்கைகளைச் சுட்டி, எதிரி அங்கே நிற்கிறான் என்றார். குடியரசைப் பாதுகாக்கும் சட்டம் கொண்டுவரப்பட்டபோது இக்கட்சி எதிர்த்து வாக்களித்தது.

கொலைகளை எண்ணிப் பதிவு செய்தவர் ஒருவர் இருந்தார். எமில் யூலியஸ் கும்பெல் என்னும் கணிதவியலாளர் அவர். நீதிமன்ற ஆவணங்களைத் திரட்டி 1922இல் வெளியிட்ட கணக்கில், வலதுசாரிகள் செய்த அரசியல் கொலைகள் 354. அவற்றில் 326 தண்டனையின்றிப் போயின. இடதுசாரிகள் செய்தவை 22. அவற்றுக்காக 10 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பேரரசர் காலத்து நீதிபதிகளே குடியரசின் நீதிபதிகளாகத் தொடர்ந்ததன் விளைவு இது. கொல்லப்பட்டவர் யார், கொன்றவர் யார் என்பதைப் பொறுத்து சட்டம் எடை மாறிய அந்தக் காலத்தில், கும்பெல் கையில் எடுத்த கருவி எண்கள்தாம். சட்ட அமைச்சகமே பின்னர் அவருடைய கணக்கைச் சரிபார்த்தது. அதை மறுக்க இயலவில்லை.

பதவியும் கொள்கையும்

1924 டிசம்பரில் கட்சி 20.5 விழுக்காடு வாக்குகளும் 103 இடங்களும் பெற்று நாட்டின் இரண்டாவது பெரிய கட்சியாக நின்றது. பால்டிக் கடலோரப் பொமரேனியாவில் ஏறத்தாழப் பாதி வாக்குகள் அதற்கே விழுந்தன. பதவியின் வாசல் அருகில் வந்தபோது அதன் கொள்கை எவ்வளவு உறுதியானது என்பதும் தெரிந்தது.

அந்த ஆகஸ்டில் போர் இழப்பீட்டைச் சீரமைக்கும் டாஸ் திட்டம் நாடாளுமன்றத்திற்கு வந்திருந்தது. அதைத் தேசத்தை அடிமைப்படுத்தும் திட்டம் என்று மேடைதோறும் முழங்கிய கட்சி இது. ஆனால் திட்டத்தோடு அமெரிக்கக் கடன் வரவிருந்தது. தொழில் முதலாளிகளுக்கும் நிலக்கிழார்களுக்கும் அந்தக் கடன் தேவைப்பட்டது. இரயில்வே சட்டத்திற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருந்த ஆகஸ்ட் 29 அன்று, கட்சி உறுப்பினர்களில் 52 பேர் எதிர்த்தும் 48 பேர் ஆதரித்தும் வாக்களித்தனர்.

1925 ஜனவரியில் கட்சி அரசில் சேர்ந்தது. அவ்வாண்டிலேயே தானிய இறக்குமதிக்கு மீண்டும் வரி விதிக்கப்பட்டது. ரொட்டி வாங்குவோருக்குச் செலவு, தானியம் விற்கும் பண்ணைக்கு வரவு. அக்டோபரில் லொகார்னோ உடன்பாட்டை எதிர்த்துக் கட்சி அரசிலிருந்து வெளியேறியது. 1927இல் மீண்டும் சேர்ந்தது. கப் கவிழ்ப்பு முயற்சியின்போது நடந்துகொண்ட விதத்திற்காக மாவட்ட ஆட்சிப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்ட வால்டர் ஃபொன் காயிடெல், ஏழு ஆண்டுகளில் நாட்டின் உள்துறை அமைச்சர் ஆனார். முன்பு எதிர்த்த குடியரசுப் பாதுகாப்புச் சட்டத்தை நீட்டிக்க இக்கட்சியே வாக்களித்தது. முன்னாள் பேரரசர் நாடு திரும்புவதைத் தடுக்கும் பிரிவு அச்சட்டத்தில் இருந்தது. மன்னராட்சிக் கட்சி அதற்கும் கை தூக்கியது.

இந்தக் காலத்தைக் கொண்டு, இக்கட்சி மெல்லக் குடியரசை ஏற்றுக்கொண்டு வந்தது என்று சிலர் வாதிடுவர். அந்த வாய்ப்பு உண்மையிலேயே இருந்தது. கட்சிக்குள் கிறித்துவத் தொழிற்சங்கத்தினர் இருந்தனர். அரசியலமைப்புக்குள் இயங்கலாம் என்று கருதிய மிதவாதிகளும் இருந்தனர். 1927இல் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியபோது இக்கட்சி அரசில் பங்கு வகித்தது. ஆனால் 1928 தேர்தலில் கட்சி 14.2 விழுக்காட்டுக்கும் 73 இடங்களுக்கும் சரிந்தது. இளைஞர்களுக்கு மன்னராட்சி இனிப் பொருளற்றது என்று வெள்ளைச்சட்டை ஊழியர் சங்கத் தலைவர்களில் ஒருவரான வால்டர் லம்பாஹ் எழுதினார். அவர் சொன்னது உண்மையா என்று கட்சி கேட்கவில்லை. அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. அதே அக்டோபரில் தலைமை ஆல்ஃபிரட் ஹூகன்பெர்க்கின் கைக்குச் சென்றது.

செய்திகளின் முதலாளி

ஹூகன்பெர்க் 1865இல் பிறந்தவர். இளம் வயதில், போலந்து மக்கள் வாழ்ந்த போசன் பகுதியில் போலியர்களின் நிலங்களை வாங்கி ஜெர்மானியரைக் குடியேற்றும் அரசு ஆணையத்தில் பணியாற்றினார். 1909 முதல் 1918 வரை குருப் ஆயுத ஆலையின் தலைமை நிர்வாகியாக இருந்தார். அவர் நல்ல பேச்சாளர் அல்லர். மக்கள் கூட்டத்தைக் கவரும் ஆற்றலும் அவருக்கு இல்லை. அவரிடம் இருந்தது செய்தி நிறுவனங்களின் வலை. ஷெர்ல் பதிப்பகம், டெலிகிராஃபன் யூனியன் செய்தி முகமை, விளம்பர நிறுவனம் ஆகியவற்றோடு, 1927இல் ஊஃபா திரைப்பட நிறுவனமும் அவர் கைக்கு வந்தது.

இந்த வலை இயங்கிய விதம் இன்றைய மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது. சிறு நகரங்களின் நாளேடுகளுக்குச் செய்தியாளர்களை வைத்துக்கொள்ளப் பணம் இல்லை. 1923இன் பணவீக்கம் அவற்றை மேலும் நலிவுறச் செய்தது. ஹூகன்பெர்க்கின் நிறுவனங்கள் அவற்றுக்குக் கடன் தந்தன, விளம்பரம் தந்தன, தலையங்கமும் செய்தியும் சேர்த்து அப்படியே அச்சேற்றத்தக்க வார்ப்பு அச்சுகளை மலிவு விலைக்கு அனுப்பின. ஏட்டின் பெயர் உள்ளூரின் பெயர். உள்ளே இருந்த கருத்து பெர்லினில் வார்க்கப்பட்டது. தம் ஊர்ப் பத்திரிகையைப் படிக்கிறோம் என்றே வாசகர் நம்பினார்.

கட்சித் தலைவராக ஹூகன்பெர்க் விரும்பியது அகன்ற கட்சியை அன்று, இறுகிய கட்சியை. உடன்படாதோர் வெளியேறட்டும் என்பதே அவருடைய நிலை.

1929: ஹிட்லருக்குக் கிடைத்த மேடை

1929இல் போர் இழப்பீட்டை மறுசீரமைக்கும் யங் திட்டம் வந்தது. அதை எதிர்த்து ஹூகன்பெர்க் ஒரு மக்கள் வாக்கெடுப்பைக் கோரினார். அதற்கான குழுவில் முன்னாள் படைவீரர்களின் எஃகுத் தலைக்கவச அமைப்பையும் (ஸ்டால்ஹெல்ம்), அகண்ட ஜெர்மனி கோரிய சங்கத்தையும் சேர்த்ததோடு, ஹிட்லரையும் சேர்த்துக்கொண்டார். அப்போது நாஜிக் கட்சி 2.6 விழுக்காடு வாக்கும் 12 இடங்களும் கொண்டிருந்த விளிம்புநிலைக் கட்சி. 1923இல் கவிழ்ப்பு முயற்சி செய்து சிறை சென்றவர் அதன் தலைவர். அவர் இப்போது முன்னாள் அமைச்சர்களோடும் ஆலை அதிபர்களோடும் ஒரே அறிக்கையில் கையெழுத்திடும் தகுதி பெற்றார்.

வாக்கெடுப்புக்கு முன்மொழியப்பட்ட சட்டத்தின் நான்காம் பிரிவு, இத்தகைய உடன்பாட்டில் கையெழுத்திடும் அமைச்சர்களைத் தேசத்துரோகத்திற்காகத் தண்டிக்க வேண்டும் என்றது. இது கட்சிக்குள்ளேயே பலரைக் கலங்கச் செய்தது. தேவையான 10 விழுக்காட்டுக் கையொப்பம் மயிரிழையில் கிடைத்தது: 10.02 விழுக்காடு. டிசம்பர் 22 அன்று நடந்த வாக்கெடுப்பில் தகுதியுள்ள வாக்காளர்களில் 13.8 விழுக்காட்டினர் மட்டுமே ஆதரித்தனர். முயற்சி தோற்றது. லம்பாஹ் உள்ளிட்ட 12 நாடாளுமன்ற உறுப்பினர்கள் அம்மாதமே கட்சியை விட்டு வெளியேறினர். 1930 கோடையில் முன்னாள் தலைவர் வெஸ்டார்ப் தம் ஆதரவாளர்களுடன் வெளியேறினார்.

1930 செப்டம்பர் தேர்தலில் ஹூகன்பெர்க்கின் கட்சி 7 விழுக்காட்டுக்கும் 41 இடங்களுக்கும் தாழ்ந்தது. நாஜிக் கட்சி 18.3 விழுக்காட்டையும் 107 இடங்களையும் எட்டியது. வெறுப்பை மிதமாக விற்றவர், அதையே முழு வீச்சில் விற்பவரைத் தம் வாடிக்கையாளர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். வாடிக்கையாளர்கள் கடை மாறினர்.

1931 அக்டோபர் 11 அன்று ஹார்ஸ்பர்க் என்னும் மலை நகரில் இரு கட்சிகளும் எஃகுத் தலைக்கவச அமைப்பும் கூட்டணி அணிவகுப்பு நடத்தின. தம் படை கடந்து சென்றதும், கூட்டாளிகளின் படை வரும்வரை காத்திராமல் ஹிட்லர் மேடையை விட்டு இறங்கிப் போனார். 1932 குடியரசுத் தலைவர் தேர்தலில் எஃகுத் தலைக்கவசத் தலைவர் துவேஸ்டர்பெர்க்கைக் கட்சி முன்னிறுத்தியது. அவருக்குக் கிடைத்தது 6.8 விழுக்காடு. அவருடைய முன்னோர் ஒருவர் யூதராகப் பிறந்தவர் என்பதை அம்பலப்படுத்தி நாஜிகள் அவரை இழிவுபடுத்தினர். பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் கோலைத் தூக்கிப் பிடித்தவர்களின் அணித்தலைவர், அதே கோலால் அளக்கப்பட்டார்.

நிலத்தைத் தொட்டபோது

இத்தனை அவமதிப்புக்குப் பின்னும் அவர்கள் ஏன் ஹிட்லரை விட்டு விலகவில்லை? விடையின் ஒரு பகுதி நிலத்தில் இருக்கிறது. கிழக்குப் பகுதிப் பெரும்பண்ணைகள் கடனில் மூழ்கியிருந்தன. கிழக்கு உதவி என்ற பெயரில் அரசு அவற்றுக்கு மக்கள் வரிப்பணத்தை வழங்கியது. மீட்க இயலாத அளவு கடன்பட்ட பண்ணைகளை அரசே எடுத்து, நிலமற்றோரையும் வேலையற்றோரையும் குடியமர்த்தலாம் என்ற திட்டம் 1932 மே மாதத்தில் பிரூனிங் அரசில் உருவானது. நிலக்கிழார்கள் அதை வேளாண் போல்ஷ்விசம் என்றனர். குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கும் நாய்டெக் பண்ணையின் உரிமையாளர். அவருடைய காதில் அந்தக் குரல் விழுந்தது. மே 30 அன்று பிரூனிங் பதவி விலகினார். அவருடைய வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று.

1933 ஜனவரியில் கதை தொடர்ந்தது. கிழக்கு உதவிப் பணம் முறைகேடாகச் செலவிடப்பட்டது குறித்த புகார்கள் நாடாளுமன்றக் குழுவில் எழுந்தன. நிலக்கிழார்களின் சங்கம் சான்சலர் ஷ்லைஹரைக் கடுமையாகத் தாக்கியது. ஜனவரி 28 அன்று ஷ்லைஹர் விலகினார்.

தொழிலாளர் கட்சிகளும் சங்கங்களும் இருக்கும் வரை, தேர்தல் இருக்கும் வரை, நிலத்தின் மீதும் கூலியின் மீதும் தம் பிடி நிலையானதன்று என்று இக்கட்சி கருதியது. நாடாளுமன்றத்தை ஒழிக்க அதனிடம் போதிய ஆட்கள் இல்லை. ஹிட்லரிடம் இருந்தனர்.

மூன்று அமைச்சர்கள் போதும்

1933 ஜனவரி 30 அன்று அமைந்த அரசில் நாஜிகள் மூவர் மட்டுமே: ஹிட்லர், ஃப்ரிக், கோரிங். மற்றவர்கள் பழமைவாதிகள். ஹூகன்பெர்க் பொருளாதாரம், வேளாண்மை ஆகிய துறைகளை நாட்டளவிலும் பிரஷ்யாவிலும் பெற்றார். ஹிட்லரை நடுவில் அமர்த்திச் சுற்றிலும் நாம் நின்று கட்டுப்படுத்துவோம் என்பது துணைச் சான்சலர் பாப்பனும் ஹூகன்பெர்க்கும் போட்ட கணக்கு. ஆனால் நாஜிகள் கேட்டுப் பெற்றவை உள்துறையும் பிரஷ்யக் காவல்துறையும். ஒருவர் தானிய விலையை எடுத்துக்கொண்டார். மற்றவர் காவலரை எடுத்துக்கொண்டார்.

புதிய தேர்தல் கூடாது என்று ஹூகன்பெர்க் மட்டும் கடைசி நிமிடம் வரை மறுத்தார். பதவியேற்புக்காகக் குடியரசுத் தலைவர் காத்திருந்தபோதும் வாக்குவாதம் ஓயவில்லை. இறுதியில் அவர் விட்டுக்கொடுத்தார். பிப்ரவரி 27 அன்று நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் வந்த அவசர ஆணை குடிமக்களின் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைத்தது. மார்ச் 5 தேர்தலில் ஹூகன்பெர்க்கின் கட்சி, கருப்பு வெள்ளை சிவப்புப் போர்முனை என்ற பெயரில் நின்று 8 விழுக்காடு பெற்றது. அதன் பழைய கோட்டையான பொமரேனியாவில் நாஜிகள் 56 விழுக்காடு வென்றனர்.

மார்ச் 23 அன்று, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலேயே சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அரசுக்கு அளிக்கும் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேரும் அவைக்குள் வர இயலவில்லை. 444 பேர் ஆதரித்தனர். அவர்களில் ஜெர்மன் தேசிய மக்கள் கட்சியினரும் உண்டு. எதிர்த்தவர்கள் 94 பேர்; அனைவரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். ஏப்ரல் 7 அன்று யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. ஹூகன்பெர்க் அப்போதும் அமைச்சர்.

பின்னர் அவர்களுடைய முறை வந்தது. நாடாளுமன்றக் குழுத் தலைவராக இருந்த ஓபர்ஃபோரன் பதவி விலகி, மே 7 அன்று கீல் நகரில் தம் வீட்டில் இறந்து கிடந்தார். ஜூனில் கட்சியின் இளைஞர் படை தடை செய்யப்பட்டது. ஹூகன்பெர்க் பதவி விலகினார். ஜூன் 27 அன்று கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. ஜூலை 14 அன்று நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சியே கூடாது என்ற சட்டம் வந்தது.

விலை கொடுத்தவர்கள்

கட்சி அழிந்தது, கட்சிக்காரர்கள் பெரும்பாலும் அழியவில்லை. ஹூகன்பெர்க் 1945 வரை அதிகாரமற்ற அந்த நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவே இருந்தார்; செய்தி நிறுவனங்களை விற்றுப் பணமாக்கிக்கொண்டார்; 1951இல் இறந்தார். இக்கட்சியின் ஃப்ரான்ஸ் குர்ட்னர், 1923இல் ஹிட்லர் கவிழ்ப்பு முயற்சி செய்தபோது பவேரியாவின் நீதி அமைச்சர். ஐந்தாண்டுத் தண்டனை பெற்ற ஹிட்லர் ஓராண்டுக்குள் சிறையிலிருந்து வெளிவந்தது அவர் காலத்தில்தான். ஹிட்லரின் அரசிலும் அவரே நீதி அமைச்சராக 1941 வரை தொடர்ந்தார். யூதர்களுக்கும் ஜெர்மன் இரத்தத்தினர் எனப்பட்டோருக்கும் இடையே திருமணத்தையும் உறவையும் குற்றமாக்கிய 1935 நூரெம்பெர்க் சட்டத்தில் குர்ட்னரின் கையெழுத்தும் இருக்கிறது. அச்சட்டத்தின் பெயரிலேயே இரத்தத்தைக் காப்பது என்ற சொல் இருந்தது.

இக்கட்சியில் இருந்தவர்களில் எதிர்த்து நின்றோரும் உண்டு. லைப்சிக் மேயராக இருந்த கார்ல் கோர்டெலர், ஹிட்லரைக் கவிழ்க்கும் சதியில் பங்குகொண்டு 1945 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். பொமரேனிய நிலக்கிழாரான எவால்ட் ஃபொன் கிளைஸ்ட்-ஷ்மென்சின் அவ்வாண்டு ஏப்ரலில் கொல்லப்பட்டார். அவர்களுடைய துணிவை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் தனிமனிதர்களாக எதிர்த்தனர். கட்சி என்ற அமைப்பு செய்ய வேண்டிய காலத்தில் செய்யவில்லை. யூதர்களும், ரோமா, சிந்தி மக்களும், போலியர்களும், தொழிற்சங்கத்தினரும் அதற்கான விலையைத் தம் உயிரால் கொடுத்தனர்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறும் அளவுகோல் எளியது. ஒரு கட்சி ஜனநாயகத்தை ஏற்கிறதா என்பதை அறிய, அது தேர்தலில் நிற்கிறதா, அரசில் பங்கு வகிக்கிறதா, பண்பாக உரையாடுகிறதா என்று பார்ப்பது போதாது. ஜெர்மன் தேசிய மக்கள் கட்சி இவை மூன்றையும் செய்தது. தனக்குக் கீழே இருப்பதாக அது கருதிய மனிதருக்கும் தனக்கும் ஒரே எடையுள்ள வாக்கு இருப்பதை அது மனத்தார ஏற்றுக்கொண்டதா என்பதே கேள்வி. 1918 நவம்பர் 12ஆம் நாள் அறிவிக்கையை அக்கட்சி ஒருநாளும் மன்னிக்கவில்லை. அதை அழிப்பதற்காக, தன்னையும் அழிக்கக்கூடிய ஒருவரை அது தேர்ந்தெடுத்தது. பண்ணையாளின் வாக்கைப் பொருளற்றதாக்கிய அதே ஆட்சிதான் இறுதியில் பண்ணையாரின் கட்சிக்கும் முடிவு கட்டியது.